என் பார்லருக்கு அடியில் இருந்தது

அயர்லாந்தில் எங்கள் பாலிகாரன் ஊரில் தண்ணீர்க் குழாய் மாற்றப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. ஊருக்கு அடியில் ஓடுவது பழைய இரும்புக் குழாய். குளிர்காலம் வந்தால் எங்காவது வெடிக்கும், தண்ணீர் பழுப்பாக வரும், காய்ச்சிக் குடியுங்கள் என்று அறிவிப்பு ஒட்டுவார்கள். நானோ தலைமுடி அலசிப் பிழைக்கிறவள். பொன்னிறச் சாயம் போட்ட தலையைப் பழுப்புத் தண்ணீரில் அலசினால் என்ன ஆகும் என்று அலசியவளுக்குத்தான் தெரியும்.

ஆனால் அவர்கள் கோட்டைத் தெருவுக்கு வந்து சேர்ந்தது மே மாதத்தில். மே மாதம்தான் பிள்ளைகள் தேவாலயத்தில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை. வெள்ளை உடுப்புப் போட்ட சின்னப் பெண்கள் மட்டுமல்ல, அவர்களுடைய அம்மா, அத்தை, சித்தி எல்லோருக்கும் அந்த ஒரு சனிக்கிழமைக்குள் தலை சரியாக வேண்டும். வருஷத்தில் எனக்கு அதுதான் அறுவடை. அந்த நேரம் பார்த்து என் பார்லர் வாசலில் கம்பிவேலி, வேலிக்கு அந்தப் பக்கம் பள்ளம், பள்ளத்துக்கு மேலே உறுமிக்கொண்டு ஒரு பொக்லைன்.

பொக்லைனை ஓட்டியவன் மாலக்கி. பக்கத்து ஊர்க்காரன். என் தம்பியோடு ஒரே அணியில் ஹர்லிங் விளையாடி, மட்டையடியில் முன்பல் ஒன்றை இழந்தவன். அவனுக்குப் பக்கத்தில் ஹெல்மெட்டும் மஞ்சள் மேலங்கியுமாக ஒரு பெண் நாள் முழுக்க நின்றாள். அவள் பெயர் ஈமர். எங்கள் ஊர் மாதிரிப் பழைய ஊர்களில் யார் தெருவைத் தோண்டினாலும், தொல்லியல் படித்த ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பது சட்டம். பொக்லைன் மண்ணை வழித்து எடுக்கும், ஈமர் பள்ளத்தையே பார்ப்பாள். அவள் கையைத் தூக்கினால் மாலக்கி நிறுத்த வேண்டும். அவள் இறங்கிப்போய்க் கரணையால் சுரண்டிப் பார்த்துவிட்டு ஏறி வந்து தலையாட்டினால்தான் அடுத்த வாளி.

"என் பொண்டாட்டிகூட என்னை இப்படி ஆட்டி வச்சதில்ல டிம்ப்னா," என்று மாலக்கி என் கதவருகே வந்து சொல்வான். "மேடம் கையைத் தூக்கினா நில்லு, இறக்கினா தோண்டு."

"அவங்க நம்பரைக் குடுங்க, எப்படின்னு நான் சொல்லித் தரேன்," என்பாள் ஈமர், பள்ளத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

தெருவில் போகிறவர்களுக்கு அவள் நல்ல வேடிக்கை. வேலியைத் தாண்டும் ஒவ்வொருவரும் தங்கம் கிடைத்ததா என்று கேட்பார்கள். தான்தான் முதன்முதலில் கேட்கிறோம் என்கிற நினைப்பில் கேட்பார்கள். "கிடைச்சிருந்தா இந்த மழையில நிப்பேனா?" என்று அவளும் புதிதாகச் சொல்வதுபோலவே சொல்வாள்.

கை விறைத்துப்போனால் என் பார்லருக்குள் வருவாள். நான் தேநீர் கொடுப்பேன். அவளுக்கு ஊர் தொலைவில் மாயோ மாவட்டம். வார நாட்களில் வேலை நடக்கும் ஊரில் அறை எடுத்துத் தங்குவாள், வேலை முடிந்தால் அடுத்த ஊர், அடுத்த பள்ளம். இதுவரை என்னதான் கிடைத்தது என்று ஒருநாள் கேட்டேன்.

"மாட்டெலும்பு. சிப்பி ஓடு. உடஞ்சுபோன மண் புகைக்குழாய். நேத்து ஒரு செத்துப்போன காஸ் பைப்."

"அப்போ முக்கால்வாசி நாள் ஒண்ணுமே இல்ல."

"ஆமா. ஆனா ஒண்ணும் இல்லங்கிறதையும் ஒரு ஆள் பாத்துத்தானே சொல்லணும்," என்றாள். அவள் அலுத்துக்கொள்ளவில்லை. எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

புதுநன்மைக்கு ஒன்பது நாள் இருந்த வியாழக்கிழமை அது. வியாழக்கிழமை என்றால் மிஸஸ் டெவெனி வருவார். தபால் நிலையத்தில் காலமெல்லாம் இருந்து ஓய்வு பெற்றவர். இடுப்பு எலும்பை மாற்றிவிட்டார்கள், நாக்கை மாற்ற இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை என்று ஊரில் சொல்வார்கள். தலை நிறைய ரோலரோடு அவரை ஜன்னலோரம் இருந்த டிரையருக்குக் கீழே உட்கார வைத்துவிட்டு, ஒரு சின்னப் பெண்ணுக்குப் பின்னல் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அம்மா பக்கத்தில் நின்று, "இன்னும் கொஞ்சம் மேல, இல்ல, கொஞ்சம் கீழ," என்று என் உயிரை எடுத்துக்கொண்டிருந்தாள்.

வெளியே பொக்லைனின் சத்தம் மாறியது. ஈமர் கையைத் தூக்கியிருந்தாள். வழக்கம்போல் அரைக்கையாக அல்ல, முழுக்கையையும். கதவு திறந்திருந்ததால் பேச்சு காதில் விழுந்தது.

"பழைய சாக்கடையா இருக்கும் மேடம். இன்னும் ஒரு வாளி எடுத்தா தெரிஞ்சிடும்."

"இன்னொரு வாளி வேண்டாம். இன்ஜினை நிறுத்துங்க."

"ஒரே ஒரு வாளிதான்..."

"மாலக்கி, நிறுத்துங்க."

இன்ஜின் நின்றது. தெருவே சட்டென்று அமைதியானது. நான் சீப்போடு கதவருகே போய் எட்டிப் பார்த்தேன். பள்ளத்தின் அடியில் கற்கள் வளைவாக அடுக்கியிருந்தன, ஒரு பாலத்தின் முதுகு மாதிரி. அதன் ஓரத்தில் தொப்பி அளவுக்கு ஓர் ஓட்டை. சுற்றிலும் இருந்த மண் அந்த ஓட்டைக்குள் சர்க்கரை மாதிரிச் சரிந்து போய்க்கொண்டிருந்தது. ஈமர் குப்புறப் படுத்து, டார்ச்சை உள்ளே நீட்டி, தலையைச் சாய்த்துப் பார்த்தாள். எழுந்தபோது அவள் மூக்கிலும் முகவாயிலும் சேறு. தெருவை அவள் பார்க்கவில்லை. என் கடையின் முன்சுவரைப் பார்த்தாள், அப்புறம் வாசற்படியை, அப்புறம் என்னை.

நேரே உள்ளே வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"டிம்ப்னா, எல்லாரும் வெளிய போகணும். பின்வாசல் வழியா. இப்பவே."

"என்ன கண்ணு சொல்றே? தலையில பாதி பின்னல் இருக்கு."

"இந்தத் தரைக்குக் கீழ ஒரு பெரிய நிலவறை இருக்கு. உங்க முன்சுவரைத் தாங்க கீழ மண்ணே இல்ல. எல்லாம் கரைஞ்சு உள்ள போயிருக்கு. பேச நேரமில்ல, வாங்க."

பெண்ணின் அம்மா ஒரு வார்த்தை பேசாமல் மகளைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் ஓடினாள். மிஸஸ் டெவெனிதான் அசையவில்லை. டிரையரின் இரைச்சலில் அவருக்குப் பாதிதான் கேட்டிருந்தது. நான் அதை அணைத்துவிட்டு மறுபடி சொன்னேன்.

"ரோலரோட நான் தெருவுக்கு வர மாட்டேன்," என்றார். "செத்தாலும் மாட்டேன்."

மாலக்கி அதற்குள் பின்வாசல் வழியாக வந்துவிட்டான். "பின்சந்துல யாருமே இல்லம்மா. நான் மட்டும்தான். பாத்ததை வெளிய சொல்ல மாட்டேன்."

"நீயா சொல்லாம இருப்பே? உங்க அப்பன் வாய்தானே உனக்கும்."

"ஆமாம்மா, அதே வாய்தான். கையை மட்டும் நாற்காலிக்குள்ள வச்சுக்கோங்க," என்று சொல்லிக்கொண்டே, முடி வெட்டும்போது உட்கார வைக்கும் சக்கர நாற்காலிக்கு அவரை மாற்றி, சாயப் புட்டிகளுக்கும் துண்டு அலமாரிக்கும் நடுவே அவன் தள்ளிக்கொண்டு போன போக்கைப் பார்த்தால், அந்த மனிதன் எந்தப் பாத்திரக் கடைக்குள்ளும் பொக்லைன் ஓட்டுவான் என்று தோன்றியது. நான் கடைசியாக வந்தேன். ஈமர் எனக்கும் பின்னால் வந்து கதவைச் சாத்தினாள்.

சந்து வழியாகச் சுற்றி, எதிர்ச்சாரியில் இருந்த மதுக்கடைக்குப் போனோம். ஈமர் தண்ணீரை நிறுத்தச் சொல்லி ஃபோன் செய்தாள், பொறியாளரைக் கூப்பிட்டாள், மாலக்கியோடு சேர்ந்து தெருவின் இரண்டு முனையையும் அடைத்தாள். யாரோ மிஸஸ் டெவெனிக்கு ஒரு தலைத்துணி கொடுத்தார்கள். யாரோ எனக்குக் கொஞ்சம் பிராந்தி கொடுத்தார்கள். நான் ஜன்னல் வழியாக என் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றுமே ஆகவில்லை. வழக்கம்போல நின்றது. நேரம் போகப் போக எனக்குக் கோபம்கூட வந்தது. ஒரு ஓட்டையைப் பார்த்துவிட்டு இந்தப் பெண் என் மே மாதத்தைக் கெடுத்துவிட்டாளே என்று நினைத்தேன்.

பொறியாளர் வந்து வேலியருகே நின்று ஈமரிடம் பேசிக்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. முதலில் நடைபாதை, உதறிப் போட்ட துணி மெதுவாக அமுங்குகிற மாதிரி அமுங்கியது. வாசற்படி ஒரு பக்கமாகச் சாய்ந்து காணாமல் போனது. பெரிய கண்ணாடி குறுக்கே விரிசல் விட்டு, ஒரு கணம் நின்று, அப்படியே இறங்கியது. அதற்குப் பின்னால் தரை. தரையோடு டிரையர்கள். ஜன்னலோரம் இருந்தது முதலில் போனது. சத்தம் நான் நினைத்ததைவிடக் குறைவு. தூசிதான் அதிகம்.

மிஸஸ் டெவெனி என் பக்கத்தில் ஜன்னலுக்கு வந்து, "அந்த டிரையருக்குக் கீழதானே நான் இருந்தேன்," என்றார். கேள்வி மாதிரியும் இல்லை, சொன்ன மாதிரியும் இல்லை.

நான் வெளியே போய் ஈமரைத் தேடினேன். அவள் பொக்லைனின் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, சேறும் மண்ணுமாக இருந்த அவள் கைகளை என் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். மாலக்கி எங்கள் முன்னால் வந்து நின்றான்.

"இன்னும் ஒரு வாளின்னு சொன்னேனே," என்றான். அதையே திரும்பவும் சொன்னான்.

"நான் நிறுத்துங்கன்னதும் நீங்க நிறுத்தினீங்க," என்றாள் ஈமர். "அது போதும்."

பிறகுதான் தெரிந்தது. பழைய குழாய் என் வாசலுக்கு நேராகப் பல வருஷமாக ஒழுகிக்கொண்டிருந்திருக்கிறது. ஒழுகிய தண்ணீர், யாருக்குமே தெரியாத அந்த நிலவறைக்குள் வடிந்து, வழியில் இருந்த மண்ணையெல்லாம் கரைத்துக்கொண்டு போயிருக்கிறது. வளைவின் முதுகில் மாலக்கியின் வாளி ஒருமுறை அழுத்தமாக இறங்கியிருந்தால், நாங்கள் நாலு பேரும் உள்ளே இருக்கும்போதே எல்லாம் போயிருக்கும்.

கடை இல்லாமல் புதுநன்மையை எப்படிச் சமாளிப்பது என்று நான் அழுது முடிப்பதற்குள், ஊர் வேலையைத் தொடங்கிவிட்டது. மதுக்கடைக்காரர் பின்னறையைத் தந்தார். பக்கத்து ஊர் பார்லர்க்காரி, என் போட்டிக்காரி, இரண்டு டிரையரைக் காரில் போட்டு அனுப்பினாள். மாலக்கி ஒரு தண்ணீர்த் தொட்டியையும் ஹீட்டரையும் எங்கிருந்தோ கொண்டுவந்து பொருத்தினான். எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை. அந்தச் சனிக்கிழமை விடிந்ததும் சின்னப் பெண்கள் வரிசையாக பீர்ப் பீப்பாய்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். சுவரில் தொலைக்காட்சியில் குதிரைப் பந்தயப் பேச்சு. பாதியில் விட்ட அந்தப் பின்னலையும் முடித்தேன். அம்மாக்காரி மேலே கீழே என்று ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் என்னைக் கட்டிப்பிடித்தாள்.

பிரச்சினை அதற்கப்புறம் வந்தது. தெரு மூடியிருந்தது. கடைக்காரர்களுக்கு வியாபாரம் இல்லை. தேவாலயத்துப் பங்கு மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ஃபின்டன் எழுந்தான். கெட்டவன் இல்லை, ஆனால் பொறுமை கிடையாது.

"ஓட்டையில கான்கிரீட்டை ஊத்துங்க, மேல தாரைப் போடுங்க, தெருவைத் திறங்க. எழுநூறு வருஷப் பழசுங்கிறாங்க. இத்தனை நாளா அதை யாரும் தேடல. இனிமே யார் தேடப் போறா?"

நிறையப் பேர் தலையாட்டினார்கள். ஈமர் ஓரத்தில் கையில் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்தாள். நிலவறையை ஆராய ஐந்து வாரம் வேண்டும் என்று பொறியாளர் வழியாகக் கேட்டிருந்தாள். அவளே எழுந்து பேசினால் ஊர் கேட்காது என்பது அவளுக்கும் தெரிந்திருந்தது.

நான் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவள். முடி வெட்டும்போது பேசச் சொன்னால் நாள் முழுக்கப் பேசுவேன். இருந்தாலும் எழுந்தேன்.

"ஃபின்டன், தெருவை மூடினதால உன் கடைக்குக் கூட்டம் வரல. எனக்குக் கடையே இல்ல. சரிதானே?"

"சரிதான் டிம்ப்னா."

"அப்போ அவசரப்படுற உரிமை உன்னைவிட எனக்குத்தான் அதிகம். நான் அவசரப்படல. அந்தப் பொண்ணு மழையில நின்னு ஒண்ணுமில்லாத மண்ணைப் பாத்துக்கிட்டே இருந்ததாலதான் நான் இங்க நின்னு உங்கிட்ட வாயாடுறேன். அவ அஞ்சு வாரம் கேக்குறா. குடுப்போமே."

மிஸஸ் டெவெனி முன்வரிசையில் இருந்து திரும்பாமலே, "ஆறு குடுங்க," என்றார். யாரோ சிரித்தார்கள். அதோடு விஷயம் முடிந்தது. மறுநாள் காலையில் ஃபின்டன் தன் கடையிலிருந்து விளக்குகளும், சுவருக்கு முட்டுக் கொடுக்கப் பலகைகளும் கொண்டுபோய் ஈமரிடம் கொடுத்தான். "திருப்பிக் குடுக்கணும்," என்று மட்டும் சொன்னானாம்.

அந்த ஆறு வாரமும் அவளும் இன்னும் மூன்று பேரும் நிலவறைக்குள் முழங்கால் சேற்றில் வேலை செய்தார்கள். அது ஒரு மது வியாபாரியின் கிடங்கு என்றாள் ஈமர். மேலே இருந்த வீடு எப்போதோ எரிந்து போயிருக்கிறது. கருகிய மரம் கிடைத்தது, பீப்பாய்ப் பலகைகள் கிடைத்தன, ஒரு மூலையில் சேற்றுக்குள் ஒரு குடுவை துண்டு துண்டாகக் கிடந்தது. மெல்லிய வெள்ளை மண்ணில் செய்து பச்சை மெருகு பூசியது. பிரான்ஸிலிருந்து மதுவோடு கப்பலில் வந்ததாம்.

வேலை முடிந்த ஞாயிற்றுக்கிழமை, கிடைத்ததையெல்லாம் பங்கு மண்டபத்தில் மேசை போட்டு ஊருக்குக் காட்டினாள். அவ்வளவு கூட்டத்தை நான் அங்கே கல்யாண விருந்தில்கூடப் பார்த்ததில்லை. ஃபின்டன் தன் விளக்கு எந்த மூலையில் தொங்கியது என்று எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தான். மாலக்கி மனைவியைக் கூட்டி வந்திருந்தான். "இந்தக் கல்லைத்தான் நான் முதல்ல பாத்தேன்," என்று அவளிடம் சொன்னதை ஈமர் கேட்டும் கேளாததுபோல் இருந்தாள்.

மிஸஸ் டெவெனி தடியை ஊன்றிக்கொண்டு குடுவைத் துண்டுகள் இருந்த மேசைக்கு வந்தார். ஒரு துண்டின் ஓரத்தில் சின்னச் சின்னப் பள்ளங்கள் இருந்தன.

"இது என்ன, உடஞ்சதா?"

"இல்ல. குடுவையைச் செஞ்சவங்க, மண் ஈரமா இருக்கும்போது கட்டைவிரலால அழுத்தின தடம். தொட்டுப் பாக்கிறீங்களா?"

மிஸஸ் டெவெனி கையுறையைக் கழற்றி, தன் கட்டைவிரலை ஒரு பள்ளத்தில் வைத்தார். சரியாகப் பொருந்தியது. விரலை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கையுறையை மாட்டிக்கொண்டு, "சின்னக் கை," என்று மட்டும் சொல்லிவிட்டுத் தேநீர் எங்கே என்று கேட்டார்.

அக்டோபரில் என் கடைக்குப் புது முன்சுவர் எழுந்தது. நிலவறையைக் கெடாதபடி மணலால் நிரப்பி, மேலே கான்கிரீட் உத்தரம் கொடுத்து, அதற்கு மேல்தான் கட்டினார்கள். குழாய் இப்போது தெருவின் எதிர்ப்பக்கமாகப் போகிறது. தண்ணீர் கண்ணாடி மாதிரி வருகிறது.

கடை திறந்த வாரத்தில் மிஸஸ் டெவெனி ஒரு காரியம் செய்தார். பங்குத்தந்தையிடம் போய், ஈமருக்காகவும் மாலக்கிக்காகவும் நன்றிப் பூசை ஒன்றுக்கு நாள் குறித்துவிட்டு, அதைத் தெரிவித்து ஈமருக்குத் தபாலில் அட்டை அனுப்பினார். ஈமர் அப்போது கார்க் மாவட்டத்துப் பக்கம் வேறொரு பள்ளத்தின் அருகே இருந்தாள். பதறிப்போய் என்னைக் கூப்பிட்டாள்.

"டிம்ப்னா, எனக்காகப் பூசையாம். நான் இன்னும் சாகலையே."

"உயிரோட இருக்கிறவங்களுக்கும் வைப்பாங்க தங்கம். உங்கம்மா உனக்கு எதுவுமே சொல்லித் தரலையா?"

"நான் சர்ச்சுக்குப் போயே பல வருஷமாச்சு. எழுந்து நிக்கிறது எப்போ, உக்கார்றது எப்போன்னுகூட மறந்துபோச்சு."

"எம் பக்கத்துல உக்காரு. நான் எழுந்தா நீ எழுந்துக்கோ."

வந்தாள். ஹெல்மெட் இல்லாமல் அவளைப் பார்க்க ஊரில் பாதிப் பேருக்கு அடையாளம் தெரியவில்லை. மாலக்கி கோட்டுப் போட்டு, கழுத்தை இறுக்கிய டையோடு, தண்டனைக்குக் காத்திருக்கிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். பங்குத்தந்தை அவர்கள் இரண்டு பேருடைய பெயரையும் வாசித்தபோது மிஸஸ் டெவெனி திரும்பி, ஈமர் கேட்டாளா என்று பார்த்துக்கொண்டார். கேட்டிருந்தாள். முகத்தைக் குனிந்து வைத்திருந்தாள்.

பூசை முடிந்து எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நான் சூப்பும், ஹாம் வைத்த சாண்ட்விச்சும், ஆப்பிள் டார்ட்டும் செய்திருந்தேன். மாலக்கி டையைக் கழற்றிச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டான். சமையலறையில் இடம் போதாமல் ஃபின்டன் படிக்கட்டில் தட்டை வைத்துச் சாப்பிட்டான். கார்க் பள்ளத்தில் ஏதாவது கிடைத்ததா என்று யாரோ கேட்டதற்கு ஈமர் வாய் நிறைய டார்ட்டோடு தலையை ஆட்டி இல்லை என்றாள்.

மிஸஸ் டெவெனி ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தார். ஈமரைப் பக்கத்தில் கூப்பிட்டு, "வர்ற வியாழக்கிழமை என் பேத்திக்குக் குழந்தை பிறக்கும்னு டாக்டர் சொல்லியிருக்கார்," என்றார். "அதைப் பாக்கிறதுக்கு நான் இருக்கேன்."

ஈமர் அவருடைய தோளில் கையை வைத்தாள். மிஸஸ் டெவெனி அந்தக் கையை ஒருமுறை தட்டிக்கொடுத்துவிட்டு, தட்டில் இருந்த கடைசி டார்ட் துண்டை அவள் பக்கம் நகர்த்தினார்.